காருக்கு அடியில் கறை: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அண்ணா, கோபிச்செட்டிபாளையம் அருகே தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ஏழு ஆண்டு ஓடிய சிறிய பெட்ரோல் கார். சில நாட்களாகக் காலையில் காரை வெளியே எடுத்தால் போர்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை தெரிகிறது. பட்டறையில் குனிந்து பார்த்துவிட்டு, "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏசி தண்ணீர்தான், விட்டுவிடுங்கள் என்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு திம்பம் வழியாக மைசூர் போக வேண்டும். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். இருவருமே சொட்டுவது என்ன, எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் சொன்ன கிராங்க் சீல், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம். அது போயிருப்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை இறக்குவது ஒரு நாள் வேலை. சீலின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. அப்படி இறக்கி, புது சீல் போட்டு, மறுபடி ஏற்றிய பிறகும் அதே இடத்தில் அதே கறை விழுந்த கார்கள் பல உண்டு. எண்ணெய் மேலே வேறொரு இடத்தில் கசிந்து, இன்ஜின் முதுகில் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டியிருக்கும். கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். ஈரத்தின் மிக உயரமான புள்ளி எதுவோ அங்கேதான் கசிவு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சொட்டுவது என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி போதும். போர்டிகோ தரை எப்போதும் வாசலை நோக்கிச் சற்றே சரிவாக இருக்கும். விழுந்த திரவம் ஓடி வேறிடத்தில் தேங்கும். ஆகையால் கூடியவரை சமமான இடத்தில் காரை நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜினுக்கு அடியில் வெள்ளைத் தாள்களை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரங்களில் கல் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதில் நிறம் தெரியாது. வரைபடத் தாளோ, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளோ நல்லது. நான்கு சக்கரங்களும் தரையில் எங்கே நிற்கின்றன என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் காரை நகர்த்திய பிறகு, சொட்டு எந்தச் சக்கரத்துக்கு நேராக, எவ்வளவு உள்ளே விழுந்திருக்கிறது என்று பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும். வழக்கமாக ஓட்டும் அளவுக்கு ஓட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே இப்படி நிறுத்துவது முக்கியம். சில கசிவுகள் சூட்டில் மட்டும் வரும், சில ஆறிய பிறகுதான் வரும். ஒரு ராத்திரியில் இரண்டும் அகப்படும்.

காருக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டி வந்தால் வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. உள்ளே போயாக வேண்டுமானால் பட்டறையின் லிப்ட் அல்லது பள்ளம்தான் சரியான இடம்.

காலையில் தாளில் நிறமோ மணமோ பிசுக்கோ இல்லாத வெறும் ஈரம் தெரிந்து, வெயிலில் காய்ந்ததும் தடமே இல்லாமல் போனால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னது சரி. ஏசியின் குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரப்பதம் படிந்து நீராகி, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வெளியே வருகிறது. பெரும்பாலான கார்களில் அது முன் இருக்கைப் பயணியின் கால்பக்கம், இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பின் கீழே விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வரும் ஆனி, ஆடியில் கோவையிலும் பொள்ளாச்சியிலும் இது நன்றாகவே ஓடும். கரூரின் வறண்ட வெயிலில் அவ்வளவு வராது. இது கோளாறே அல்ல. சொல்லப்போனால், ஏசி ஓடியும் வெளியே சொட்டாமல் உள்ளே பயணியின் கால்மிதி நனைந்திருந்தால்தான் கவலை. அந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அதேபோல் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சர் முனையில் சொட்டும் தண்ணீரும் இயல்பானது. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும், குளிர்ந்த குழாயில் அது நீராக மாறும்.

ஆனால் ஏசி தண்ணீர் தினம் விழுந்து காயும் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலக் கறை தங்குவதில்லை. நீங்கள் கறை என்று எழுதியிருப்பதால், தண்ணீரோடு வேறொன்றும் விழுகிறது என்றே நினைக்கிறேன்.

தாளில் நிறம் இருந்தால் உடனே நிறத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இன்ஜினைக் குளிரவைக்க ரேடியேட்டரில் ஓடும் கூலண்ட் கம்பெனிக்குக் கம்பெனி பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று மாறும். பழையதானால் துருப்பிடித்த பழுப்பாகிவிடும். பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சள், நாளானால் டீத்தண்ணீர் நிறம். எண்ணெய் பழகினால் எல்லாம் கறுப்பு. ஆகையால் நிறத்தோடு மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். விரல் நுனியில் தொட்டு இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டை விடுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பெட்ரோல், டீசல் எல்லாம் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதந்து வானவில் நிறம் காட்டும். கூலண்டும் பிரேக் ஆயிலும் தண்ணீரோடு கலந்துவிடும். பிரேக் ஆயிலை ஆயில் என்றே எல்லோரும் அழைப்பதால் அது எண்ணெய்போல மிதக்கும் என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். எதையும் நாக்கில் வைக்க வேண்டாம். சோதித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் தம்ளரையும் சமையலறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இரண்டு திரவங்களுக்கு மட்டும் ஆராய்ச்சி கூடாது. கண்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று பெட்ரோல். தாளில் கறை பெரிதாக இருக்காது, காற்றில் போய்விடும், மணம்தான் காட்டிக்கொடுக்கும். பின் இருக்கைக்கு அடியிலோ, டாங்கிலிருந்து முன்னே வரும் குழாயின் வழியிலோ, இன்ஜின் அருகிலோ வீச்சம் கடுமையாக இருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். போர்டிகோவில் விளக்குப் பொத்தானைத் தட்டுவது, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது. காரைக் கையால் தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை அங்கே வரச் சொல்லுங்கள். தோட்டத்து வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் எலிதான் காரணம். மக்காச்சோளமோ நிலக்கடலையோ அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால், இன்ஜின் சூட்டுக்கு வந்து தங்கும் எலி ரப்பர் குழாயையும் ஒயரையும் கடித்துவிடுகிறது. பானட்டைத் திறந்தால் கடலைத் தொலியும் புழுக்கையும் கிடக்கும். அவற்றைக் கண்டால் பெட்ரோல் வீச்சம் இல்லாவிட்டாலும் எல்லாக் குழாய்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

மற்றொன்று பிரேக் ஆயில். எண்ணெயைவிட இளக்கமாக, வழவழப்பாக இருக்கும், தண்ணீரில் கலக்கும், பெயிண்டில் பட்டால் பெயிண்டை உரித்துவிடும். சக்கரத்தின் உட்புறத்திலோ, டிரைவர் பக்கம் பெடலுக்கு நேர் கீழேயோ ஈரம் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பானட்டைத் திறந்து, டிரைவர் பக்கம் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள். பிரேக் பேட் தேயத் தேய அளவு மாதக்கணக்கில் மெல்லக் குறைவது இயல்பு. சில நாட்களில் குறைந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அது கசிவு. பல கார்களில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. ஆகவே கிளட்ச் பெடல் தளர்ந்தாலும் இங்கேயே பாருங்கள். மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பண்ணாரி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி இறங்கும்போது பிரேக் சூட்டின் மேல் சூடாகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழையதானால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் வெறுமனே உள்ளே போகும். கசிவு இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டாக மாற்றாத பிரேக் ஆயிலை மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கூலண்ட் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. கூலண்ட் ஒட்டும், இனிப்பான மணம் வரும், காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ நிறமாகவோ பொருக்கு விடும். அந்தப் பொருக்கைத் தேடுவதுதான் மிக எளிய வழி. ஈரம் ஆவியாகிப் போனாலும் பொருக்கு அங்கேயே இருந்து இடத்தைக் காட்டும். ரேடியேட்டரின் அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு, மேல் கீழ் ரப்பர் ஹோஸ்கள் கிளிப்பில் மாட்டும் இடம், உபரி டப்பாவின் தையல் இவற்றைப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். பம்பின் சீல் போனால் அந்தத் துளை வழியாகக் கூலண்ட் வெளியே வந்து எச்சரிக்கும். துளையை அடைத்துவிட்டுக் கசிவு நின்றுவிட்டது என்று சொல்லும் வேலையை எங்கேயும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்பையே மாற்ற வேண்டும்.

நம் ஊர்க் காரணம் போர்வெல் தண்ணீர். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வரும் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவு குழாய்களுக்குள்ளும் வரும். சூடு கூடும், உலோகம் அரிக்கும், வாட்டர் பம்பின் சீல் தேயும். வழியில் அவசரத்துக்கு ஊற்ற வேண்டி வந்தால் தவறில்லை. வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு, உங்கள் கார்ப் புத்தகம் சொல்லும் கூலண்டையும் உப்பு நீக்கிய தண்ணீரையும் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்களில் இருப்பவர்கள் அது போதும் என்பார்கள். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லைதான். ரேடியேட்டருக்கு உப்பு நீக்கியதே வேண்டும், துருவைத் தடுக்கும் கூலண்டும் சேர்ந்தே வேண்டும்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் மொத்தமும் ஆவியாகப் பீய்ச்சி அடிக்கும். முகமும் கையும் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெறுங்கையை மூடி மேல் வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். இன்னொன்று: கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் கொடிய நஞ்சு, ஆனால் இனிக்கும். தோட்டத்து நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிடும். தரையில் விழுந்ததை மண் போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு, மிச்சத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கட்டுத்தறிப் பக்கம் காரை நிறுத்துகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

கூலண்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் அது உள்ளே போகிறது. இன்ஜினின் மேல்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடத்திலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெண்புகை நிற்காமல் வரும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி போலத் திரண்டிருக்கலாம். இந்த நிலையில் ஓட்டக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பாக, மெல்லிய எண்ணெயாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். உங்கள் காரில் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் உதவி என்றால் அந்த ஆயிலே கிடையாது. பானட்டைத் திறந்து டப்பா இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரண கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாக, கந்தகம் கலந்த கெட்ட வாடையோடு இருக்கும். சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் முனையிலுள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. உடனே பூட்டை மாற்றினால் மூட்டு தப்பும், தூசு புகுந்துவிட்டால் மூட்டையும் மாற்ற வேண்டி வரும். நீலமாக, நுரைத்துக்கொண்டு, சோப்பு வாசத்தோடு இருந்தால் கண்ணாடி கழுவும் தண்ணீர்.

இனி இன்ஜின் ஆயில். உங்கள் கறை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதால் இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. சமதரையில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர். கீழ்க்கோட்டைத் தொட்டால் உடனே நிரப்ப வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் கேளுங்கள்: கடைசியாக ஆயில் மாற்றியவர் கூடுதலாக ஊற்றிவிட்டால், அதுவே சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரக்கூடும்.

அடுத்து, கறை எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். ஆயில் மாற்றிய ஒரு வாரத்துக்குள் தொடங்கியிருந்தால் கிராங்க் சீல் வரை போகவே வேண்டாம். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு முடுக்கியிருக்கலாம். பழைய ஆயில் பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது பில்டரைத் திருகியிருக்கலாம். இரண்டு வளையம் சேர்ந்தால் நிச்சயம் கசியும். அல்லது மாற்றும்போது சிந்திய ஆயிலே கீழ்த் தகட்டில் தேங்கிச் சொட்டிக்கொண்டிருக்கலாம். அதேபோல, தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் நடுவில் துருத்தும் கல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் பட்ட சத்தம் ஏதாவது நினைவுக்கு வருகிறதா? சம்ப் நசுங்கினால் அதன் விளிம்பில் உள்ள ஒட்டுப் பசை விடும்.

இவை எதுவும் இல்லையென்றால் துடைத்துத் தேடும் வேலை. ஏழு ஆண்டு எண்ணெயும் செம்மண் தூசும் சேர்ந்து அடை அடையாகப் பிடித்திருக்கும் இன்ஜினில், எது புதுக் கசிவு, எது பழைய அழுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பட்டறைக்காரரும் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். இன்ஜின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் ஒயர் இணைப்புகளையும் ஏர் பில்டர் வாயையும் பாலிதீனால் மூடி, இன்ஜின் துடைக்கும் திரவம் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். திருப்பூர்ப் புண்ணியத்தில் வெள்ளைப் பனியன் வேஸ்ட் நமக்கு எங்கும் கிடைக்கிறது. வெள்ளையாகவே கேட்டு வாங்குங்கள். வாட்டர் சர்வீஸில் நேரடியாக அழுத்தத் தண்ணீரை இன்ஜின் மேல் அடிக்க விடாதீர்கள். கசிவைத் தேடப் போய் மின்கோளாறு வந்து சேரும். கீழே பிளாஸ்டிக் தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். தகடு இருக்கும்வரை சொட்டு விழும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

நன்றாக உலர்ந்த பிறகு, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். கோபியிலிருந்து சத்தியமங்கலம் வரை போய் வரும் அளவுக்கு ஓட்டிவிட்டு, நிறுத்தி ஆறவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்து கறுத்த இடத்தில் தொடங்கி மேலே மேலே போங்கள். ஈரம் எங்கே முடிகிறதோ அதற்கு ஒட்டினாற்போல் மேலே இருக்கும் இணைப்புதான் குற்றவாளி. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே முன்னிருந்து பின்னாகவும் பாருங்கள். வெள்ளைத் துணியைக் கைவிரலில் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் துடைத்து எடுத்தால் ஈரமா, வறண்டதா என்று தெரியும். கைபேசிக் கேமராவை இடுக்கில் நீட்டி வீடியோ எடுப்பதும் உதவும்.

இந்த வயதுள்ள பெட்ரோல் கார்களில் நான் அதிகம் பார்ப்பது டேப்பெட் கவர் கேஸ்கட். இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியின் ரப்பர் சூட்டில் விறைத்துப்போகும். எண்ணெய் பின்புறமாக வழிந்து, சூடான எக்சாஸ்ட் மேல் பட்டால் கருகிய வாடை. கியர்பாக்ஸ் பக்கம் இறங்கினால் கிராங்க் சீல் கசிவு போலவே தோற்றம். கேஸ்கட் சில நூறு ரூபாய், மாற்றுவது சில மணி நேர வேலை. அதற்கு அடுத்து ஆயில் பிரஷர் சுவிட்ச். கட்டைவிரல் அளவுச் சாமான், இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும், அதன் நடுவிலிருந்தே எண்ணெய் கசியும். இவை இரண்டும் காய்ந்திருக்க, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் ஈரம் என்றால்தான் பின்பக்க சீலைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அங்கே வருவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா? கந்தக வாடை அடித்தால் கோளாறு கிராங்க் சீலில் இல்லை, கியர்பாக்ஸின் முன் சீலில்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் உண்டாகும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். அடைத்த வால்வை அப்படியே வைத்துவிட்டுப் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரம் கசியும்.

எவ்வளவு கசிந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்? நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,440 சொட்டு. 20 முதல் 30 சொட்டு ஒரு மில்லி என்றால், நாளுக்கு 50 முதல் 70 மில்லி, மாதத்துக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர். பார்க்க ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும் சொட்டு, சிறிய இன்ஜினின் மொத்த ஆயிலில் பாதியை ஒரு மாதத்தில் காலி செய்துவிடும். ராத்திரி முழுவதற்கும் தாளில் நாலைந்து பொட்டு மட்டும் என்றால் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு போய் வரலாம். வந்த பிறகு சரிசெய்யலாம். தாளில் குளம்போல் தேங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் டிப்ஸ்டிக்கில் இறக்கம் தெரிந்தாலோ போக வேண்டாம். மலையேற்றத்தில் இன்ஜின் சூடாகி எண்ணெய் இளகும், கசிவு கூடும். பண்ணாரிக்கு மேலே புலிகள் காப்பகத்துக் காடு. குழந்தைகளோடு அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உதவிக்குக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. போவதாக முடிவு செய்தால், உங்கள் இன்ஜினுக்கு உரிய ஆயில் ஒரு லிட்டர் டப்பா வண்டியில் இருக்கட்டும். சத்தியமங்கலத்தில் ஒருமுறை, சாம்ராஜ்நகரில் ஒருமுறை நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள். எண்ணெய்க் கிண்டிச் சின்னத்தோடு சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. எரியும்போது உள்ளே உலோகம் எண்ணெயின்றி உரசத் தொடங்கியிருக்கலாம்.

பட்டறைக்குத் திரும்பப் போகும்போது தாளையும் டிப்ஸ்டிக் அளவையும் பவுடர் நனைந்த இடத்தின் படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். "சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள் அண்ணா, துடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபிக்க மாட்டார். அவருக்கும் இது நல்லது, இறக்கிய கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டி வராது. துடைத்துப் பார்க்கவே மறுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள். வசதியுள்ள இடங்களில் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, நீல விளக்கு அடித்துக் காட்டுவார்கள். கூலண்டுக்கு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். இரண்டுமே நம்பத்தகுந்த சோதனைகள்.

எல்லாம் பார்த்த பிறகும் பின்பக்க சீல்தான் என்று உறுதியானால் தயங்காமல் செய்துவிடுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் தட்டு, ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் முன் சீல், இரண்டு ஆக்சில் சீல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தேய்ந்திருப்பதை அப்போதே மாற்றினால் சாமானுக்கு மட்டும்தான் காசு. ஆறு மாதம் கழித்து கிளட்ச் போனால் இதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட ஒப்புக்கொள்ளாதீர்கள். மேட்டில் ஏறும்போது அது வழுக்கும்.